முன்பாய்க்கு முன்பணம் கொடுக்கும் முன்

செப்டம்பரில் சவுத்தாம்ப்டன் படகுக் கண்காட்சி முடிந்த கையோடு, பிரிட்டனில் பாய் தைக்கும் பட்டறைகள் குளிர்காலத் தள்ளுபடியை அறிவிக்கத் தொடங்கும். வெஸ்டர்லி சென்டார், கன்டெஸ்ஸா 32 போன்ற 1970-களின் படகுகளை வைத்திருப்பவர்கள் பலர், தொய்ந்துபோன முன்பாயை மாற்ற முடிவெடுப்பது இந்த நேரத்தில்தான். படகு அப்போது கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும். பாய்மரத்தையே இறக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. ஜனவரியில் புதுப் பாய் பையோடு வீட்டுக்கு வரும். பையைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிட்டு, ஏப்ரலில் படகு தண்ணீரில் இறங்கியதும் ஏற்றிப் பார்த்தால் முன்விளிம்பு ஒரு சாண் அதிகமாக இருக்கும். அதற்குள் சட்டம் தந்த மிக வலுவான உரிமை கைநழுவிப் போயிருக்கும்.

2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும், எந்தக் காரியத்துக்கு வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டிச் சொன்னீர்களோ அதற்குப் பொருந்தவும் வேண்டும். குறை இருந்தால், பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கெடு தாண்டிவிட்டால், சரிசெய்யவோ மாற்றித்தரவோ வியாபாரிக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அதிலும் குறை தீராவிட்டால்தான் திருப்பிக் கொடுப்பது, அல்லது விலையில் கழிவு பெறுவது. இந்தக் கட்டத்தில், முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது வியாபாரியின் பொறுப்பு. ஆறு மாதம் போய்விட்டால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

அந்த 30 நாள் கெடுவை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நீட்டிக்கலாம் என்று அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு இடம் தருகிறது. பலருக்கு இது தெரிவதில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே, “படகு ஏப்ரலில்தான் இறங்கும், திருப்பிக் கொடுக்கும் கெடுவை மே இறுதிவரை வையுங்கள்” என்று கேட்டு, விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ள பட்டறை இதற்குத் தயங்காது. தயங்கினால், தள்ளுபடி விலையிலேயே பாயைத் தைத்து மார்ச் கடைசியில் அனுப்பச் சொல்லுங்கள்.

“இது அளவெடுத்துத் தைத்தது, திருப்பி எடுக்க மாட்டோம்” என்ற பதிலைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் நிறைய. அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. தொலைபேசியிலோ இணையத்திலோ வாங்கிய பொருளை மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்ய 2013-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. உங்கள் அளவுக்கென்று செய்த பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. குறையுள்ள பொருளுக்கான உரிமைகள் முற்றிலும் வேறு. அளவெடுத்துத் தைத்த பாய்க்கும் அவை அப்படியே உண்டு.

ஆனால் அளவை யார் எடுத்தார்கள் என்பதில்தான் வழக்கே நிற்கும். நீங்கள் அனுப்பிய எண் தவறென்றால் பட்டறையைக் குறைசொல்ல வழியில்லை. அவர்களே படகுக்கு வந்து எடுத்த அளவு தவறினால், பாய் உங்கள் படகுக்குப் பொருந்தாத பொருள். அந்தப் பொறுப்பு அவர்களுடையது. அளவெடுக்கத் தனியாகக் கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிடுவது நல்லது.

பழைய படகில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். விற்பனைக் கையேட்டில் அச்சான அளவும் இன்றைய படகின் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. இடையில் யாரோ பாய்மரத்தை மாற்றியிருப்பார்கள், சுருட்டும் கருவி பொருத்தியிருப்பார்கள். பழைய பாயை வைத்து அளந்தால் அதன் தொய்வும் புதுப் பாய்க்கு வந்து சேரும். அளவு நாடாவை ஏற்றுக்கயிற்றில் கட்டி, சுருட்டும் கருவியின் மேல் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) எங்கே நிற்க வேண்டுமோ அதுவரை ஏற்றி, கீழ்க் கொக்கி வரை அளப்பதுதான் நம்பகமான வழி.

அளவு தவறினால் உயிராபத்தும் இருக்கிறது. பாய்மர உச்சியில் ஏற்றுக்கயிறு முன்கம்பியிலிருந்து சற்று விலகி, ஏறக்குறைய 10 பாகைக் கோணத்தில், ஸ்விவலை வந்து சேர வேண்டும். முன்விளிம்பு குட்டையாகி ஸ்விவல் தாழ்ந்து நின்றால், சுருட்டும்போது ஏற்றுக்கயிறு முன்கம்பியையே சுற்றிக்கொள்ளும். சுருட்டும் கயிறு திடீரென்று இறுகும். அந்த நேரத்தில் வின்ச்சில் போட்டு இழுத்தால், உச்சியில் கம்பியின் புரிகள் ஒவ்வொன்றாக அறும். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பாய்மரம் பின்பக்கமாகச் சாயும். பாய் குட்டையென்றால் அதன் தலைக்கும் ஸ்விவலுக்கும் நடுவே ஒரு துண்டுக் கயிறு சேர்த்து உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். அந்த நீளத்தையும் பட்டறையே கணக்கிட்டுத் தர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது பாயின் அகலம். அந்தக் காலத்து ஐ.ஓ.ஆர். பந்தய விதி, 150 சதவீத முன்பாய் வரை தண்டனை இல்லாமல் அனுமதித்தது. பந்தயமே ஓடாத குடும்பப் படகுகளும் அந்த வழக்கத்தைப் பின்பற்றின. பாய்மரத்துக்கும் முன்கம்பியின் அடிக்கும் இடைவெளி 3.5 மீட்டர் என்றால், 150 சதவீதப் பாயின் குறுக்களவு 5.25 மீட்டர், 135 என்றால் சுமார் 4.7. பெரிய பாயைப் பாதி சுருட்டிக் காற்றுக்கு ஈடுகொடுக்கலாம் என்பார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் பாயின் வடிவம் கெட்டு, நடுவில் உப்பி, படகைப் பக்கவாட்டில்தான் தள்ளும். இருவர் மட்டும் போகும் பயணப் படகுக்கு 130, 135 போதும் என்பது என் உறுதியான கருத்து. அடிவிளிம்பையும் தளத்திலிருந்து தூக்கித் தைக்கச் சொல்லுங்கள். தளத்தை உரசும் பாய், சுக்கான் பிடிப்பவரின் பார்வையில் ஒரு பக்கத்தையே மறைத்துவிடும். கடல் மோதல் தடுப்பு விதிகளின் 5-ஆம் விதி, எந்நேரமும் சரியான கண்காணிப்பு வேண்டும் என்கிறது. பாய் மறைத்தது என்று சாக்குச் சொல்ல முடியாது.

துணி விஷயத்தில் விலைப்புள்ளியில் “டேக்ரான்” என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். டேக்ரானிலேயே தரம் பலவிதம். தயாரிப்பாளர் பெயர், துணியின் ரகம், எடை மூன்றும் எழுத்தில் வேண்டும். நாளை துணி வேறென்று தெரிந்தால், “சொன்ன விவரத்தோடு ஒத்துப்போகவில்லை” என்று வாதாட அந்த ஒரு வரிதான் ஆதாரம். லேமினேட் துணி வடிவத்தை நன்றாகக் காக்கும், ஆனால் ஈரத்தோடு சுருண்டே கிடக்கும் பாயில் பூஞ்சை பிடித்து ஏடு ஏடாகப் பிரியக்கூடும். வெயில்காப்புப் பட்டை எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது கருவி எந்தத் திசையில் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது. மாறித் தைத்தால் பட்டை உள்ளேயும் பாய் வெயிலிலும் இருக்கும். நூலும் முக்கியம். பழைய பாய் வாங்கப் போகிறவர்கள் அந்தப் பட்டையின் தையலை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். நூல் பொடிந்து வந்தால் துணி எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தனிநபரிடம் வாங்கும் பழைய பாய்க்கு, சொன்ன விவரம் பொய்யென்றால் மட்டுமே சட்டம் துணைக்கு வரும். தரக்குறைவு உங்கள் பாடு.

முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு வங்கியையும் பொறுப்பாக்குகிறது. முன்பணம் மட்டும் கார்டில் போயிருந்தாலும் முழுத் தொகைக்கும் கோரலாம். பட்டறை மூடப்பட்டாலும், பாய் வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தாலும் இது செல்லும். பணம் நேராக விற்பவர் கணக்குக்குப் போக வேண்டும். நடுவில் வேறொரு நிறுவனம் வாங்கிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம்.

காப்பீட்டை நம்பி இருக்காதீர்கள். பல படகுக் காப்பீடுகள், விரித்திருக்கும்போது காற்றில் கிழிந்த பாய்க்கு ஈடு தருவதில்லை. தரும் இடத்திலும் பழசுக்கு என்று மூன்றில் ஒரு பங்கு வரை கழிக்கக்கூடும்.

குறை தெரிந்தால், பாயை ஏற்றிய நிலையில் உச்சி, அடி, பின்விளிம்பு எல்லாம் தெரியும்படி தேதியோடு படம் எடுங்கள். வெட்டவோ வேறு பட்டறையில் திருத்தவோ வேண்டாம். “திருப்பிக் கொடுக்கிறேன்” என்ற சொல் தெளிவாக வரும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள். “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதினால் நாள்தான் ஓடும். ராயல் யாட்டிங் அசோசியேஷன் (ஆர்.ஒய்.ஏ.) உறுப்பினர்களுக்கு அதன் சட்டப் பிரிவு ஆலோசனை தருகிறது. மற்றவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸை அணுகலாம். மசியாவிட்டால் கெடு வைத்து ஒரு முன்னறிவிப்புக் கடிதம், பிறகு சிறு வழக்கு நீதிமன்றம்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை, ஸ்காட்லாந்தில் 5,000 பவுண்டு வரை வக்கீல் இல்லாமலே வழக்காடலாம். இன்னொரு பாய் தைப்பவரிடம் எழுத்தில் வாங்கிய ஒரு பக்கக் கருத்து அங்கே பெரிதும் உதவும்.