‘எந்தப் பட்டறையில கட்டுனதுங்க?’ - நாமக்கல் லாரி போட்டோக்கள் சொல்லும் கதை!

புது கார் வாங்கினால் மாலை போட்டு, குடும்பத்தோடு நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் புது லாரி எடுப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால், நம் போட்டோவுக்கு ‘வாழ்த்துகள்’ என்று வரும். அவர்களின் போட்டோவுக்கு முதலில் வருவது கேள்விதான்... ‘எந்தப் பட்டறையில கட்டுனதுங்க?’

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின், அடிச்சட்டம், சக்கரங்கள் மட்டும் கொண்ட சேஸிஸாகத்தான் பல லாரிகள் கம்பெனியிலிருந்து வரும். டிரைவர் உட்காரும் கேபினையும், சரக்கு ஏற்றும் பாடியையும் கட்டித் தருவது நாமக்கல் பட்டறைகள். வெல்டர், டிங்கர், தச்சர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் எனப் பலர் கைபட்டுத்தான் ஒரு லாரி முழுசாகிறது. இந்த வேலைக்காக வெளிமாநிலங்களிலிருந்தும் வண்டிகள் நாமக்கல்லுக்கு வருகின்றன. ஆக, லாரி போட்டோ என்பது அந்தத் தொழிலாளர்களின் கைவேலைக்கான சான்றும்கூட.

போட்டோவில் என்ன பார்க்கிறார்கள்?

முதலில் நம்பர் பிளேட். 28 என்றால் நாமக்கல், 34 என்றால் திருச்செங்கோடு, 52 என்றால் சங்ககிரி. சொந்த ஊர் வண்டி என்றால் தனிப் பாசம்! அடுத்து கேபினின் முகப்பு. குலதெய்வத்தின் பெயரா, பிள்ளைகளின் பெயரா, எழுத்து எப்படி இருக்கிறது என்று அலசுவார்கள். அதன்பின் டயர், பம்பர், லைட். லோடு ஏற்றிய வண்டி என்றால் தார்ப்பாய் கட்டிய விதத்துக்கும் மார்க் உண்டு. கயிறு தொய்வாக இருந்தால் அனுபவசாலிகள் விட மாட்டார்கள்.

விற்கும்போதும் போட்டோதான் பேசும். டயர் தேய்மானம், சேஸிஸில் துரு, அடிப்பலகையின் நிலை... இவற்றைப் படத்தில் பார்த்த பிறகே நேரில் வருகிறார்கள். மாதத் தவணை கட்டி ஓட்டும் ஒற்றை லாரி உரிமையாளருக்கு அந்த விலைதான் அடுத்த வண்டிக்கான முதலீடு.

கோவை பம்ப்செட், நாமக்கல் முட்டை, திருப்பூர் பனியன் என்று லோடு ஏற்றிக் கிளம்பினால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். வழியில் அனுப்பும் ஒரு வண்டிப் படம், ‘நல்லா இருக்கேன்’ என்று வீட்டுக்குச் சொல்லும் தகவலும்தான்.

ஜப்பானிலும் இதே ஆசை!

லாரி அலங்கார மோகம் நமக்கு மட்டுமல்ல. ஜப்பானில் விளக்குகளால் ஜொலிக்கும் லாரிகளுக்கு ‘டெகோடோரா’ என்று பெயர். 1975-ல் தொடங்கிய லாரி டிரைவர் சினிமா வரிசை ஒன்று அதை நாடெங்கும் பிரபலமாக்கியது. பாகிஸ்தானின் பூவேலை லாரிகள் உலகப் புகழ் பெற்றவை.

ஆனால், அழகுக்கும் எல்லை உண்டு. பல ஒலி ஹாரன்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை இருக்கிறது. அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெருமையாகப் பகிரும் படமே சாட்சியாகிவிடக் கூடாது அல்லவா! விற்பனைக்குப் படம் போடுபவர்கள் ஆர்.சி. புத்தகம், ஆதார் படங்களைச் சேர்த்துப் போடாமல் இருப்பதும் நல்லது.

மாறும் முகம்

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம். வெயிலில் வேகும் டிரைவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதேநேரம், கம்பெனியே கேபினோடு தரும் லாரிகள் பெருகப் பெருக, கையால் கேபின் கட்டும் பட்டறைகளுக்கு வேலை குறையும். ஒரே அச்சில் வார்த்த முகங்களைப் பார்த்து ‘எந்தப் பட்டறை?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பட்டறைத் தொழிலாளி தன் வேலையில் கையெழுத்துப் போடுவதில்லை. வண்டிக்கும் வயதானால் காயலான் கடைதான். அவர் செய்ததற்கு மிச்சமிருக்கும் ஆதாரம், உரிமையாளரின் செல்போனில் உள்ள அந்தப் படங்கள்தான். உங்கள் வீட்டிலும் பழைய லாரி போட்டோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். கட்டிய பட்டறையின் பெயரையும், வருடத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்!