முள்ளங்கியில் தொடங்கட்டும் டிராயிங் வகுப்பு

25 மி.மீ. அடிப்பக்கமும் 60 மி.மீ. உயரமும் உள்ள ஐங்கோணப் பட்டகம் ஒன்று, அடிவிளிம்பு ஒன்றை மட்டும் தரையில் ஊன்றிச் சாய்ந்து நிற்கிறது. அதன் அச்சு தரையோடு 45 டிகிரி. ஊன்றிய விளிம்பு எதிர்ச்சுவரோடு 30 டிகிரி. முன்தோற்றமும் மேல்தோற்றமும் வரைக.

பெங்களூரில் பொறியியல் முதலாண்டு படித்த யாரைக் கேட்டாலும் இந்த மாதிரிக் கேள்வியை ஞாபகம் வைத்திருப்பார்கள். விடையையும் சொல்லிவிடுவார்கள்: முதலில் பட்டகத்தை நேராக நிறுத்தி வரை; அடுத்து முன்தோற்றத்தைச் சாய்த்து வைத்து மேல்தோற்றத்தை இறக்கு; கடைசியாக மேல்தோற்றத்தைத் திருப்பி வைத்து முன்தோற்றத்தை ஏற்று. மூன்று நிலை முடிந்தால் மதிப்பெண் வந்துவிடும். வரைந்து முடித்த மாணவரிடம் ஒரு டஸ்டரைக் கொடுத்து, "இதை உன் படத்தில் இருக்கிற மாதிரி மேசைமேல் சாய்த்துக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். முழுமதிப்பெண் வாங்கிய பலர் அங்கேதான் தடுமாறுவார்கள்.

மாணவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். பாடம் அந்த வரிசையில் வருகிறது. முதல் வாரம் பென்சில் சீவுவது, எழுத்து எழுதிப் பழகுவது. அடுத்தது புள்ளி, அதன் பிறகு கோடு, தளம். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய திண்மப் பொருள் வருவதற்குள் பாதிப் பருவம் போய்விடுகிறது. கர்நாடகத்தில் கே.ஆர். கோபாலகிருஷ்ணா, தமிழ்நாட்டில் கே.வி. நடராஜன், நாடெங்கும் குஜராத்திலிருந்து வந்த என்.டி. பட் என்று தலைமுறைகளை ஒப்பேற்றிய நூல்கள் நம்மிடம் உண்டு. கணக்கு போடப் பழக்குவதில் அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் அவற்றை அப்படியே வகுப்பாக நடத்தினால் தூக்கம்தான் வரும்.

பொறியியல் வரைபடம் எதற்காக இருக்கிறது என்பதை முதல் நாளிலேயே காட்டிவிட வேண்டும். பெங்களூரில் அதற்கு வெகுதூரம் போக வேண்டாம், பீன்யா தொழிற்பேட்டை போதும். அங்குள்ள சிறு பட்டறைகளில் லேத் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு ஒரு தாள் கிளிப்பில் தொங்கும். வரைந்தவர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பார். லேத்தில் நிற்பவர் தமிழராக இருக்கலாம், பீகாரியாக இருக்கலாம். இருவரும் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. விட்டம் 20 மி.மீ., கூடுதல் குறைவு 0.02 என்று தாளில் இருந்தால் அவ்வளவுதான். திருப்பிக் கேட்க ஆள் இல்லை. ஒரு கோடு விடுபட்டால் துளை ஒன்று விடுபடும். இதை நேரில் பார்த்த மாணவருக்கு, மறைந்த விளிம்பை ஏன் விட்டுவிட்டுக் கோடாகப் போட வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கலை பிறந்ததே ஒரு பட்டறையை ஒட்டித்தான். 18-ம் நூற்றாண்டில் பிரான்சின் மெசியர் நகரில் ராணுவப் பொறியாளர் பள்ளி ஒன்று இருந்தது. உயர்குடியில் பிறக்காததால் காஸ்பார் மோஞ்ச் (1746–1818) அங்கே அதிகாரியாகச் சேர முடியவில்லை. படம் வரைபவராக, மாதிரி செய்பவராக ஓரமாக வேலை பார்த்தார். எதிரியின் குண்டு எட்டாதபடி கோட்டைச் சுவரை எங்கே எவ்வளவு உயரத்தில் எழுப்புவது என்று கண்டுபிடிக்கும் வேலை ஒருநாள் அவரிடம் வந்தது. வழக்கமாக நாள்கணக்கில் கூட்டிப் பெருக்க வேண்டிய கணக்கு அது. மோஞ்ச் இரண்டு தளங்களில் படம் வரைந்து விரைவில் விடையோடு வந்து நின்றார். இத்தனை சீக்கிரம் முடித்தது சரியாக இருக்காது என்று மேலதிகாரி முதலில் அதைப் பார்க்கவே மறுத்தாராம். பார்த்த பிறகு அந்த முறையை ராணுவ ரகசியம் ஆக்கிவிட்டார்கள். 1795-ல்தான் மோஞ்ச் பாரிஸில் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். நம் மாணவர்கள் சலித்துக்கொண்டே போடும் முன்தோற்றமும் மேல்தோற்றமும் ஒரு காலத்தில் பூட்டி வைத்த ரகசியம் என்று சொன்னாலே வகுப்பு கொஞ்சம் நிமிரும்.

மோஞ்சின் இரண்டு தளங்களைக் காட்ட விலை உயர்ந்த கண்ணாடிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. வகுப்பறையின் மூலை போதும். ஒரு ஸ்டூலை மூலைக்கு அருகே வையுங்கள். நேர் எதிரே உள்ள சுவர் செங்குத்துத் தளம், தரை கிடைத்தளம், வலப்பக்கச் சுவர் பக்கத்தளம். முன்னால் நின்று பார்த்ததை அந்த எதிர்ச்சுவரில் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்ததைத் தரையில், இடப்பக்கமிருந்து பார்த்ததை வலச்சுவரில். இப்போது எதிர்ச்சுவர் அப்படியே இருக்க, தரையைக் கீல் போட்டுக் கீழே மடக்கியதாகவும் வலச்சுவரை வெளியே விரித்ததாகவும் நினைத்துக்கொள்ளலாம். மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம் போய்விடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எஸ்.பி. 46 கையேடு சொல்லும் முதல் கோண முறை இவ்வளவுதான். "மேலே இருப்பது ஏன் கீழே வருகிறது?" என்று ஆண்டுதோறும் கேட்கப்படும் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்கர்கள் மூன்றாம் கோண முறையில் வரைகிறார்கள். அதில் எந்தப் பக்கமிருந்து பார்த்தோமோ அந்தப் பக்கமே தோற்றம் உட்காரும். அங்கிருந்து வரும் தாளின் மூலையிலுள்ள சின்னக் கூம்புக் குறியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால், இடப்பக்கம் வர வேண்டிய துளை வலப்பக்கம் விழும். வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் ஊரில் இது ஏட்டுச் சங்கதி அல்ல.

இனி முள்ளங்கிக்கு வருவோம். வட்டம், சதுரம், முக்கோணம் என மூன்று ஓட்டைகள் கொண்ட அட்டை ஒன்று. மூன்றையும் இடைவெளியின்றி அடைக்கும் ஒரே அடைப்பான் எது? பழைய புதிர்தான், ஆனால் வகுப்பில் இதைப்போல் வேலை செய்யும் புதிர் வேறில்லை. பருத்த வெள்ளை முள்ளங்கியில் விட்டமும் உயரமும் சமமாக இருக்கும்படி ஓர் உருளைத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மேல்வட்டத்தில் நடுவே ஒரு விட்டக்கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஒரு பக்கம் சாய்வாகக் கீழ்விளிம்பு வரை ஒரு வெட்டு, மறுபக்கமும் அதேபோல் ஒரு வெட்டு. முடிந்தது. மேலிருந்து பார்த்தால் வட்டம், முன்னிருந்து பார்த்தால் சதுரம், பக்கவாட்டில் முக்கோணம்.

ஆசிரியரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மூன்று தோற்றங்களையும் வரையச் சொன்னால் பெரும்பாலோர் வெறும் வட்டமும் சதுரமும் முக்கோணமும் போட்டுவிட்டு நிமிர்வார்கள். வட்டத்துக்கு நடுவே கூர்முகட்டின் கோடு எங்கே? அதைச் சிலர் பிடித்துவிடுவார்கள். சதுரத்துக்குள்ளும் ஒரு கோடு இருக்கிறது. சாய்ந்த வெட்டு உருளையின் வளைபரப்பைச் சந்திக்கும் இடம், மேல்மூலைகள் இரண்டில் தொடங்கி அடிக்கோட்டின் நடுப்புள்ளியைத் தொட்டுப்போகும் பாதி நீள்வட்டமாக முன்தோற்றத்தில் தெரியும். முள்ளங்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அது தெளிவாகத் தெரிகிறது. அரைமணி நேர விரிவுரையில் புரியாத 'பரப்புகளின் வெட்டு' இந்த ஒரு துண்டில் புரிந்துவிடும். வகுப்பு முடிந்ததும் சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

வளைபரப்பைத் தட்டையாக விரித்து வரையும் விரிப்புப் பாடத்துக்கு ஒரு மெழுகுவத்தி. அதன்மேல் தாளை நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றி, கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். மெழுகின் வெட்டுமுகம் நீள்வட்டம். தாளைப் பிரித்தால் வெட்டிய ஓரம் அலை அலையாக ஏறி இறங்கும். கணக்கு வகுப்பில் பார்த்த சைன் வளைவேதான் அது. மொட்டைமாடியிலிருந்து மழைநீர் இறங்கும் தகரக் குழாய் முட்டிமடங்கும் இடத்தில், தகடு தட்டுபவர் தட்டைத் தகட்டை இந்த வளைவில்தான் வெட்டுகிறார். 45 டிகிரியில் வெட்டிய இரண்டு குழாய்களைச் சேர்த்தால் செங்கோண முட்டி. சைன் என்ற சொல்லை அறியாமலே அந்த வளைவை அட்டையில் வெட்டி மாட்டி வைத்திருக்கும் கைகள் அவை.

மறைந்த விளிம்புகளுக்கு அரவிந்த் குப்தாவைத் துணைக்கு அழைக்கலாம். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்துக் கனசதுரமும் பட்டகமும் கட்டுவதைப் பள்ளிகளில் பரப்பியவர் அவர். இப்போது வால்வ் டியூப் சுலபமாகக் கிடைப்பதில்லை. குளிர்பானம் உறிஞ்சும் குழல் போதும். எலும்புக்கூடாக நிற்கும் பட்டகத்தில் எல்லா விளிம்பும் தெரியும். அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றினால் சில விளிம்புகள் மறையும். மறைந்தவற்றுக்கு விட்டுவிட்டுக் கோடு, தெரிபவற்றுக்கு முழுக்கோடு.

இதெல்லாம் விளையாட்டு, உண்மையான திறமை பிறவியிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்கு ஷெரில் சோர்பியின் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவில் பொறியியல் படித்தபோது டிராயிங் பாடத்தில் தானே திணறியவர் அவர். பின்னாளில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 1993-ல் முதலாண்டு மாணவர்களுக்கு, பொருளை மனதுக்குள் சுழற்றிப் பார்க்கும் 30 கேள்விகள் கொண்ட தேர்வை வைத்தார். அதில் தேறாதவர்களில் பெண்களின் பங்கு அதிகமாக இருந்தது. தேறாதவர்களுக்கென்று ஒரு தனிப்பாடம் தொடங்கினார்: ஒன்றோடொன்று மாட்டும் கனசதுரங்களைக் கட்டுவது, கட்டியதைக் கைவாக்கில் வரைவது. மதிப்பெண் ஏறியது. படிப்பைப் பாதியில் விடாமல் தொடர்ந்த பெண்களின் எண்ணிக்கையும் ஏறியது. சிறுவயதில் பொருள்களைக் கட்டி, பிரித்து விளையாடியவர்கள் இந்தத் தேர்வை நன்றாகச் செய்கிறார்கள் என்றும் அவருடைய ஆய்வு கண்டது. நம் வீடுகளில் கெட்டுப்போன மிக்ஸியைக் கழற்றிப் பார்க்க யாருக்கு அனுமதி கிடைத்தது என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

கணினி வந்துவிட்டதே என்பார்கள். விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பெங்களூர்க் கல்லூரிகளில் இந்தப் பாடம் கணினிவழி வரைபடமாக மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சாலிட் எட்ஜ் மென்பொருள் அங்கே முதலாண்டு மாணவருக்குப் பழகிய பெயர். கோடு நேராக வருகிறது, அழிக்கும் வேலை இல்லை, மினி டிராஃப்டரின் ஸ்க்ரூ தளர்ந்துபோகும் தொல்லையும் இல்லை. ஆனால் பல இடங்களில் பழைய மூன்று நிலைச் சடங்கையே மவுசால் செய்கிறார்கள். திரையில் ஒரு திண்மத்தைக் கட்டி எப்பக்கமும் சுழற்றிக் காட்டும் வல்லமை உள்ள கருவியை வெறும் அளவுகோலாகப் பயன்படுத்துவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. வரைந்து முடித்தபின் அதே பட்டகத்தை முப்பரிமாணத்தில் கட்டி, சாய்த்து, தன் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் மாணவரே திருத்திக்கொள்வார்.

ஒரு வகுப்பையாவது கஸ்தூர்பா சாலைக்குக் கொண்டுபோகலாம். 1962-ல் திறக்கப்பட்ட விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் எஞ்சின் கூடத்தில் ஆளுக்கொரு பாகத்தைத் தேர்ந்தெடுத்து, அளவுகோல் இல்லாமல் கைவாக்கில் மூன்று தோற்றம் வரையச் சொல்லுங்கள். அங்கே நிற்கும் மாருத் போர் விமானத்தையும் பார்க்கட்டும். குர்ட் டாங்க் தலைமையில் இதே ஊரின் எச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டு 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது அது. கணினி வரைபடம் வராத காலத்து விமானம். அதன் ஒவ்வொரு வளைவும் பலகையில் கையால் வரையப்பட்டது.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே வினாத்தாள் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்தோற்றமும் சதுரம், மேல்தோற்றமும் சதுரம், இரண்டுக்குள்ளும் வேறு கோடு இல்லை. பக்கத்தோற்றம் என்னவாக இருக்கலாம் என்று கேளுங்கள். சதுரம் போட்டவருக்கு மதிப்பெண் உண்டு. செங்கோண முக்கோணம் போட்டவருக்கும் கால்வட்டம் போட்டவருக்கும் அதே மதிப்பெண் கொடுங்கள், மூன்றும் சரியான விடைகளே. ஆண்டுக்கு இப்படி ஒரு கேள்வியாவது வரட்டும்.