தீவில் வேலை கிடைத்தால் குடும்பமே மூட்டை கட்டலாமா?

தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்குப் பினாங்குத் தீவில் வேலை கிடைத்துவிட்டால் அன்று சாயங்காலமே லயம் முழுக்கச் செய்தி பரவிவிடுகிறது. அடுத்த வாரம் வீட்டில் என்ன பேச்சு? "அவன் மட்டும் ஏன் அங்க தனியா கெடந்து கஷ்டப்படணும்? நாமளும் போயிடுவோம். ஒலை வைக்கிறதா இருந்தா ஒரே ஒலையா இருக்கட்டும்" என்பதுதான். தாய் சொல்வார், தகப்பனார் தலையாட்டுவார், பிள்ளைகள் கடலைப் பார்க்கப் போகிறோம் என்று குதிப்பார்கள். பாட்டி மட்டும், "அங்க மொளகா ஒரு கைப்பிடி வேணும்னா யாரு வீட்டுக் கொல்லைல போயி பறிக்கிறது?" என்று கேட்பார். சிரிக்க வேண்டாம். அந்த வீட்டில் கணக்குப் பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

போகவே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. 1972ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய காலந்தொட்டு, தோட்டத்துப் பிள்ளைகளும் பேக்டரி பஸ் ஏறிப் போய்ச் சம்பாதித்திருக்கிறார்கள். 1985ல் பாலம் திறந்த பிறகு வழி இன்னும் சுலபமாயிற்று. பால்மரமும் செம்பனையுமே கதி என்று யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் யார் முதலில் போவது, எந்தக் கரையில் குடியிருப்பது, தோட்டத்து வீட்டை எப்போது விடுவது என்ற மூன்றையும் தீர்மானிக்காமல், எட்டுப் பேரையும் பத்துப் பேரையும் ஒரே லோரியில் ஏற்றிக்கொண்டு போவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

தீவில் ஏன் இத்தனை விலை?

பினாங்குத் தீவு படத்தில் பார்க்கச் சிறியது. நேரில் இன்னும் சிறியது. ஏனென்றால் நடுவில் மலை. 76 மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மலைநிலம் என்று ஒதுக்கி, அங்கே கட்டடம் எழுப்ப மாநில அரசு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மிஞ்சுவது கரையோரச் சமவெளிதான். வேலைக்கு வருவோர், படிக்க வருவோர், சுற்றுலாக்காரர் எல்லோருக்கும் அந்தத் துண்டு நிலம்தான். இடம் போதாமல் கடலையே மண் கொட்டித் தூர்க்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் ஒரு காலத்தில் ஏழைகள் குறைந்த வாடகைக்கு இருந்தார்கள். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைக் காத்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு அந்தக் காவல் போய்விட்டது. 2008ல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக்கடைகளாகவும் மாறிவிட்டன. ஆகவே, "எங்க பெரியப்பா அந்தக் காலத்துல முப்பது வெள்ளி வாடகையில இருந்தாரு" என்ற கதையை நம்பிப் புறப்படாதீர்கள்.

ஒன்பது பேர் கணக்கு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டி, கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள், மூத்தவனைக் கட்டிய மருமகள். ஆக 9 பேர். மூத்த மகனும் அடுத்த மகளும் பேக்டரிக்குப் போகிறார்கள். தகப்பனார் காவல் வேலை தேடிக்கொள்கிறார். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்த தாய்க்கு அங்கே உடனே வேலை இல்லை. மருமகள் மாசமாயிருக்கிறார். மற்ற மூவரும் பள்ளிப் பிள்ளைகள்.

2025ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. ஆளுக்கு அந்தச் சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு 187 வெள்ளி, அதற்கு மேல் சொக்சோ சந்தா போக, கைக்கு வருவது சுமார் 1,500 வெள்ளி. மூவருக்கும் 4,500 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செலவைப் பாருங்கள். மூன்று அறை அடுக்குமாடி வீட்டுக்கு வாடகை 1,300 என்று வைப்போம். இடத்துக்கு இடம் கூடும், குறையும். தண்ணீர், கரண்டு 200. மூன்று பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் 300. மோட்டார் சைக்கிள்களுக்குப் பெட்ரோல் 300. சாப்பாட்டுக்கு ஆளுக்கு 200 என்று கையைச் சுருக்கினாலும் 1,800. மொத்தம் 3,900. மிச்சம் 600 வெள்ளி. மோட்டார் தவணை, டெலிபோன், பால் மாவு, பாட்டியின் மருந்து, தீபாவளி, கல்யாணம் காட்சி எல்லாம் இந்த 600க்குள் அடங்க வேண்டும். ஒருவருக்கு ஓவர்டைம் நின்றாலும், ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் கடன்தான்.

இது மாதக் கணக்கு. கதவைத் திறக்கும் முன்னே ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமாக இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீர் கரண்டுக்கு அரை மாத வாடகையையும், முதல் மாத வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள். 1,300 வெள்ளி வீட்டுக்கு அது 4,550 வெள்ளி. மூன்று பேர் ஒரு மாதம் பாடுபட்ட காசு முழுதும் சாவி வாங்கவே போய்விடுகிறது. லோரிக் கூலி தனி.

தோட்டத்தில் பெரும்பாலும் வீட்டு வாடகை இல்லை. கொல்லையில் முருங்கை, கருவேப்பிலை, மரவள்ளி. தாயும் சம்பாதித்தார். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பார்த்துக்கொண்டார். இதற்கெல்லாம் சம்பளச் சீட்டில் இடம் இல்லாததால் நம்மவர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாட்டியின் மிளகாய்க் கேள்வி இதைத்தான் கேட்டது.

அரசாங்க வீடு கிடைக்காதா?

"பி.பி.ஆர். வீடு வாங்கிட்டா போச்சு, வாடகை 124 வெள்ளிதானே" என்பார்கள். உண்மை. அந்த வாடகைக்கு மூன்று அறையோடு சுமார் 700 சதுர அடி வீடு பெரிய உதவிதான். ஆனால் குடும்ப வருமானம் மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்போகக் கூடாது என்பது விதி. மேலே சொன்ன குடும்பத்தில் மூன்று சம்பளம் சேர்ந்து 5,100 ஆகிறது. சாப்பிடும் வாய் ஒன்பது என்றாலும், சம்பாதிக்கும் கை மூன்று என்பதால் தகுதி போய்விடுகிறது. பெரிய குடும்பங்கள் இடறி விழும் இடம் இது.

இதற்கு ஒரு வழி உண்டு. கல்யாணமான மகன் தன்னையும் மனைவியையும் தனிக் குடும்பமாகக் காட்டி விண்ணப்பம் செய்யலாம். அது சட்டப்படி சரியே. ஆனால் மாநில அரசின் வீட்டு விண்ணப்பத்தில் பினாங்கில் பிறந்தவரா, எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்தவர், எங்கே வாக்காளர் என்பதெல்லாம் பார்க்கப்படும். கெடாவிலிருந்தோ பேராக்கிலிருந்தோ போகிறவர் போன மறுநாளே எதிர்பார்க்க முடியாது. வரிசையும் நீளம். விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். அதை நம்பி வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

ஆள் கணக்கை மறைக்காதீர்

தனியார் வீட்டுக்கு அலையும்போது நம்மவருக்கு வேறு கஷ்டமும் உண்டு. தமிழர் என்று தெரிந்ததும் "வீடு போயிடுச்சு" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒன்பது பேர் என்றால் மற்றவர்களும் தயங்குவார்கள். அதனால் ஐந்து பேர் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களை இரவோடு இரவாகக் கூட்டி வருகிறவர்கள் உண்டு. இது வேண்டாம். மூன்றாம் மாதம் சண்டை வந்து முன்பணமும் போய், பிள்ளைகளோடு தெருவில் நிற்க நேரும்.

உண்மையான ஆள் எண்ணிக்கையைச் சொல்லி, அதை ஒப்பந்தத்தில் எழுதி, முத்திரை வரி கட்டி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த காசுக்கெல்லாம் ரசீது வாங்குங்கள். வயதானவர் இருந்தால், லிப்ட் ஓடுகிறதா என்று பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பதினைந்தாம் மாடியிலிருந்து முட்டிவலிக்காரரை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எத்தனை பாடு என்பது பட்டவருக்குத்தான் தெரியும்.

பள்ளியையும் முன்கூட்டியே பாருங்கள். தீவில் சுங்கை ஆரா, இராஜாஜி, இராமகிருஷ்ணா, சுப்பிரமணிய பாரதி என்று தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளியைத் தேடினால் வேன் காசு ஏறும்.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால் வீடும் போகும். உங்கள் வீடு யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று ஆபீஸ் கிராணியிடம் கேளுங்கள். கணவன் தீவுக்குப் போய், மனைவி தோட்டத்தில் தொடர்ந்து வேலை செய்தால் வீடு நிற்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு, மானேஜர் மாறினால் மாறிவிடும்.

தோட்டம் விற்பனைக்கு வருகிறது, வீடமைப்புக்குப் போகிறது என்ற பேச்சு காதில் விழுந்தால் இன்னும் நிதானம் வேண்டும். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலாளி வேலையை நிறுத்தினால் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு என்றால் 15 நாள். ஓராண்டு முடிந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு 10 நாள். 22 ஆண்டு உழைத்தவருக்கு 440 நாள் சம்பளம் சேரும். நாள் சம்பளம் 60 வெள்ளி என்றாலே 26,400 வெள்ளி! நீங்களாக ராஜினாமா செய்தால் இதில் ஒரு காசு கிடையாது. மகன் கூப்பிட்டான் என்று இரண்டு மாதம் முந்தி எழுதிக் கொடுத்த கடிதம், இருபது வருஷத்து உழைப்புக் காசைத் தின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. தோட்டம் கைமாறி, புதிய முதலாளி ஏழு நாளைக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வந்தால், அதை மறுப்பவருக்கு இழப்பீடு இல்லை. ஆகவே கையெழுத்துப் போடும் முன் சங்கத் தலைவரையும் தொழிலாளர் இலாகாவையும் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

சேமநிதிப் பணத்திலும் கை வைக்காதீர்கள். 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக் கணக்குக்கு 75 விழுக்காடு, இரண்டாவதற்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவதற்கு 10. சொந்த வீடு வாங்க இரண்டாவது கணக்கு உதவும். ஆனால் 55 வயதில் தகப்பனார் எடுத்த மொத்தப் பணமும் மகனுடைய வாடகை வீட்டு முன்பணமாகவும், சோபா செட்டாகவும் கரைவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு அவருக்கு ஒரு வெற்றிலை வாங்கவும் மருமகள் கையைப் பார்க்க வேண்டும்.

எதிர்க்கரையைப் பாருங்கள்

வேலை தீவில் என்றால் வீடும் தீவில்தான் என்று யார் சொன்னது? பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம், நிபோங் திபால் பக்கம் வாடகை குறைவு. தீவின் வாடகைக்கு அங்கே தரைவீடு தேடலாம். பாட்டிக்கு நாலு செடி நட இடமும் கிடைக்கும். 2019 ஜனவரி முதல் இரண்டு பினாங்குப் பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் ரயில் ஓடுகிறது, இறங்கினால் பெரி. மழையிலும் கடற்காற்றிலும் பாலத்தில் மோட்டார் ஓட்டுவது ஆபத்து என்பதை மறைக்கவில்லை. இரவு ஷிப்ட் வேலைக்குக் கம்பெனி பஸ் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

வேலையும் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. பிறையில் தொழிற்பேட்டை இருக்கிறது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ல் திறந்தது. இரண்டாம் பாலம் 2014ல் திறந்தபின் பத்து காவான் தொழிற்சாலை மயமாகிவிட்டது. அந்தப் பத்து காவானே நம்மவர் பாடுபட்ட தோட்டம்தான்!

எனவே நாம் சொல்லும் யோசனை இது. முதலில் சம்பாதிக்கும் இருவர் போகட்டும். ஓர் அறை எடுத்துத் தங்கட்டும். ஆறு மாதம் சம்பளம், ஓவர்டைம், செலவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும். வேலை நிரந்தரமாகி, மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்தபின், எதிர்க்கரையில் வீடு பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளித் தவணை முடிந்ததும் மாற்றுங்கள். தோட்டத்து வீட்டுச் சாவியைக் கடைசியாகக் கொடுங்கள்.

"குடும்பம் பிரியக் கூடாதுங்க" என்பீர்கள். நாமும் அதையேதான் சொல்கிறோம். வாடகை கட்ட முடியாமல் ஆளுக்கொரு சொந்தக்காரர் வீட்டில் ஒண்டுவதை விட, ஆறு மாதம் இருவர் பிரிந்திருப்பது மேல். இன்று இரவு சாப்பிட்டானதும் ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டுக் கணக்கை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பெரியவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.