டிரைவ் பழசு, போர்டு புதுசு: நடுவுல ஒரு 48 இலக்க சாவி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

"பிராசஸரும் மதர்போர்டும் மட்டும் மாத்தப் போறேன், பழைய எஸ்எஸ்டியை அப்படியே மாட்டினா விண்டோஸ் ஓடுமா, இல்ல ஃபார்மட் பண்ணணுமா?" இந்தக் கேள்வி மெயில்ல அடிக்கடி வருது. ஒரு வரில பதில் வேணும்னா, விண்டோஸ் 10, 11-னா பெரும்பாலும் ஓடும். ஆனா அந்த 'பெரும்பாலும்' எனக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. அதனால கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அக்கா வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் பண்றாங்க. அவங்ககிட்ட இருந்தது ஐ5 8400, ஆறு கோர், ஆறு த்ரெட். பெரிய ஃபைல் திறந்தா மெஷின் அப்படியே உட்கார்ந்துடும். "தம்பி, ஏதாவது பண்ணுடா"ன்னாங்க. ஐ5 12400, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், கூடவே ஒரு எச்610 போர்டு, ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினேன். டிடிஆர்4 ஸ்லாட் உள்ள போர்டா பார்த்து எடுத்ததால பழைய ராம் அப்படியே போதும். எஸ்எஸ்டியும் அதேதான். பழைய போர்டையும் பிராசஸரையும் கழட்டி எடுத்துட்டுப் போயிருந்தேன். கடையிலேயே எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டு வந்தேன். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்டுக்கு வந்து மாட்டி, பவர் ஆன் பண்ணா நீல நிறத் திரை. 48 இலக்க ரெக்கவரி கீ கொடு, அப்பதான் திறப்பேன்னுது. அக்கா பின்னாடி நிக்கிறாங்க. "நாளைக்கு சாயங்காலம் ஆல்பம் கொடுக்கணும்டா. ஃபோட்டோகிராஃபர் கார்டை எல்லாம் அழிச்சுட்டார்." அந்தக் கல்யாணத்தோட படங்கள் இருந்தது அந்த ஒரு டிரைவ்ல மட்டும்தான்.

சாவி எங்கே இருந்தது?

நடந்தது இதுதான். விண்டோஸ் 11-ஐப் புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனா, டிவைஸ் என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆகிடலாம். 24எச்2 பதிப்புல அதுக்கான நிபந்தனைகளை இன்னும் தளர்த்திட்டாங்க, ஹோம் எடிஷன்லயும் சேர்த்து. உள்ளே வேலை செய்யறது பிட்லாக்கர். டிரைவ்ல உள்ள எல்லாமே பூட்டப்பட்டிருக்கும், ஆனா தினமும் பாஸ்வேர்டு கேட்காது. ஏன்னா சாவியை டிபிஎம்-னு ஒரு பாதுகாப்புப் பகுதி வச்சுக்கிட்டு, பூட் ஆகும்போது தானே திறந்து விட்டுடும்.

அந்த டிபிஎம் எங்க இருக்கு? இன்டெல் மெஷின்ல பெரும்பாலும் பிடிடி-ங்கிற பேர்ல, மதர்போர்டு சிப்செட்டோட ஃபர்ம்வேர்ல. ஏஎம்டி-ல எஃப்டிபிஎம்-ங்கிற பேர்ல, பிராசஸரோட பாதுகாப்புப் பகுதியில. அதனால ஏஎம்டி-ல போர்டை விட்டுட்டு பிராசஸரை மட்டும் மாத்தினாக்கூட இதே சிக்கல் வரலாம். "புது சிபியு வந்திருக்கு, எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் பண்ணவா?"ன்னு திரையில கேட்கும். படிக்காம ஒய் அழுத்திடாதீங்க.

அதாவது வீடு அதே வீடு. ஆனா சாவியை வச்சிருந்த வாட்ச்மேனை நானே கடையில விட்டுட்டு வந்துட்டேன். பழைய போர்டு கையில இருந்திருந்தா திரும்ப மாட்டி, என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணிட்டு வேலையை முடிச்சிருக்கலாம்.

இன்னொரு வழி, அந்த சாவியோட நகல் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். எந்த அக்கவுண்ட்? இன்ஸ்டால் பண்ண அன்னைக்கு நானே அவசரமா ஒரு புது மெயில் ஐடி போட்டு உருவாக்கினது. பாஸ்வேர்டு எனக்கும் ஞாபகம் இல்ல, அக்காவுக்குத் தெரியவே தெரியாது. ரெக்கவரி நம்பரா கொடுத்திருந்தது அக்காவோட பழைய சிம். அந்த சிம் இப்ப ஊர்ல அப்பாவோட பட்டன் போன்ல இருக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு அப்பாவை எழுப்பி, "அப்பா, ஒரு மெசேஜ் வரும், அந்த நம்பரைப் படிச்சு சொல்லுங்க"ன்னேன். "யாரு கேட்டாலும் ஓடிபி சொல்லாதேன்னு நீதானேடா சொன்ன?"ன்னார். சொன்னது உண்மைதான். அக்கா போனை வாங்கிப் பேசின பிறகுதான் படிச்சார்.

உள்ள போனா இரண்டு கீ இருந்தது. பூட்டின திரையிலேயே ஒரு கீ ஐடி காட்டும். அது எதோட பொருந்துதோ அந்த 48 இலக்கத்தை அடிக்கணும். அடிச்சேன், திறந்தது. அக்கா ஒண்ணும் சொல்லல. முதல் வேலையா ஒரு எக்ஸ்டர்னல் டிரைவை எடுத்துட்டு வந்து கொடுத்தாங்க.

டிரைவை அப்படியே வச்சுக்கிறதும் டேட்டாவைப் பத்திரமா வச்சுக்கிறதும் ஒண்ணு இல்ல. அன்னைக்குக் கத்துக்கிட்டது அதுதான்.

சரி, விண்டோஸ் எப்படி தாங்குது?

விண்டோஸ் 7 காலத்துல இதைச் செஞ்சவங்களுக்கு நீலத் திரை நல்லா ஞாபகம் இருக்கும். அப்ப விண்டோஸ், இன்ஸ்டால் ஆன போர்டுல எந்த ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் இருந்ததோ அதுக்கான டிரைவரை மட்டும்தான் பூட் ஆகும்போது தயாரா வச்சிருக்கும். போர்டு மாறினா தன்னோட டிரைவையே அதால படிக்க முடியாது. இப்ப வர்ற விண்டோஸ்ல சாட்டா ஏஎச்சிஐ-க்கும் என்விஎம்இ-க்கும் பொதுவான டிரைவர்கள் உள்ளேயே இருக்கு. முதல் தடவை பூட் ஆகும்போது கொஞ்ச நேரம் எடுத்து புது வன்பொருளை அடையாளம் கண்டுக்கும். அதுக்கப்புறம் போர்டு கம்பெனி தளத்துல இருந்து சிப்செட் டிரைவரைப் போட்டுடுங்க.

இது தடுமாறுற இடம் இரண்டு.

முதலாவது, பழைய பயாஸ் முறை. 2010-களோட முதல் பாதியில வாங்கின மெஷின்ல விண்டோஸ் பெரும்பாலும் லெகசி முறையில, எம்பிஆர் பார்ட்டிஷன்ல இருக்கும். புது போர்டு யுஇஎஃப்ஐ-ஐத்தான் எதிர்பார்க்கும். இன்டெல் 500 சீரிஸ் போர்டுல இருந்து, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம உள்கிராஃபிக்ஸ்ல ஓட்டினா லெகசி பூட்டுக்கு வழியே இல்ல. ரன் பாக்ஸ்ல எம்எஸ்இன்ஃபோ32-ன்னு அடிச்சு 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்க. லெகசின்னு இருந்தா, பழைய போர்டுல இருக்கும்போதே எம்பிஆர்2ஜிபிடி-ங்கிற கருவியால மாத்திக்கலாம். 2017-ல வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து அது கூடவே வருது. முதல்ல பேக்கப், அப்புறம் அந்தக் கருவியோட வேலிடேட் கட்டளை, அது சரின்னு சொன்ன பிறகுதான் கன்வர்ட்.

இரண்டாவது, பயாஸ்ல ஸ்டோரேஜ் முறை. பழைய போர்டுல ஏஎச்சிஐ-ல ஓடின டிரைவ், புது போர்டுல ரெய்டு அல்லது விஎம்டி ஆன்ல இருந்தா பூட் ஆகாம போகலாம். இன்ஸ்டால் கெட்டுப்போச்சுன்னு பயந்து ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இந்த செட்டிங்கைப் பாருங்க.

லினக்ஸ் ஆட்களுக்குக் கவலை குறைவு. கெர்னலோடவே டிரைவர்கள் வருது. ஆனா யுஇஎஃப்ஐ பூட் பட்டியல் டிரைவ்ல இல்ல, போர்டோட நினைவகத்துல இருக்கு. புது போர்டுக்கு உங்க லினக்ஸ் இருக்கறதே தெரியாம போகலாம். ஒரு லைவ் பென்டிரைவ் இருந்தா பூட் லோடரைத் திரும்பப் பதிவு பண்ணிக்கலாம்.

லைசென்ஸ் கதை

விண்டோஸ் ஆக்டிவேஷன் மதர்போர்டைத்தான் மெஷினோட அடையாளமா பார்க்குது. ரீட்டெயில் லைசென்ஸ்னா புது போர்டுக்குக் கொண்டு போகலாம். மாத்தறதுக்கு முன்னாடியே அதை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோட இணைச்சுட்டா, பிறகு ஆக்டிவேஷன் டிரபுள்ஷூட்டர்ல 'சமீபத்துல வன்பொருள் மாத்தினேன்'ங்கிற தேர்வு இருக்கு. கம்ப்யூட்டரோடவே வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தப் பழைய போர்டோட முடிஞ்சது. பட்ஜெட் போடும்போதே இதைக் கணக்குல எடுத்துக்கோங்க.

வாங்கறதுக்கு முன்னாடி

ஒரு கல்லூரித் தம்பி எழுதியிருந்தார், நாலாம் தலைமுறை ஐ5, ஹார்ட் டிஸ்க், 'போர்டு மாத்தினா வேகமாகுமா?'ன்னு. தம்பி, ஹார்ட் டிஸ்க்கை வச்சுக்கிட்டு பிராசஸர் மாத்தினா ஏமாற்றம்தான். ஹார்ட் டிஸ்க்ல ஒரு விநாடிக்கு நூறு, நூத்தைம்பது எம்பி வந்தா பெரிசு. அதுவும் ஒரே சீரா படிக்கும்போது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். சின்னச் சின்ன ஃபைல்கள்ல வித்தியாசம் இன்னும் அதிகம். உங்க காசுக்கு முதல் செலவு எஸ்எஸ்டி. ஆனா ஒண்ணு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா இன்டெல்ல எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதனால போர்டு மாத்த உங்களுக்கு வேற காரணமும் இருக்கு.

உங்க டிடிஆர்3 ராம் புது போர்டுல ஏறாது. ஏஎம்5 போர்டுன்னா டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல் எல்ஜிஏ1700-ல டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பேரைச் சரியாப் பார்த்து வாங்குங்க. பழைய எல்ஜிஏ1151 கூலர் அப்படியே பொருந்தாது, துளைகளுக்கு நடுவே இடைவெளி 75 மில்லிமீட்டர்லிருந்து 78 ஆகிடுச்சு.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி

ஒண்ணு, பேக்கப். டிரைவைக் கழட்டறதுக்கு முன்னாடி, வேற டிரைவ்ல. எடுத்த பேக்கப்புல நாலு ஃபைலைத் திறந்தும் பாருங்க.

இரண்டு, செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா ஆஃப் பண்ணி, டிகிரிப்ட் ஆகி முடியற வரைக்கும் காத்திருங்க. வேலை முடிஞ்சதும் திரும்ப ஆன் பண்ணிக்கலாம். ரெக்கவரி கீயை எப்படியும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க.

மூணு, புது போர்டோட லேன், வைஃபை டிரைவரைப் பென்டிரைவ்ல போட்டு வைங்க. புது போர்டுல நெட் சிப்பை விண்டோஸ் அடையாளம் காணலைன்னா, டிரைவர் இறக்கவும் நெட் இருக்காது. அவசரத்துக்கு போன்லிருந்து யுஎஸ்பி டெதரிங் கைகொடுக்கும்.

நாலு, பழைய போர்டை ஒரு வாரம் விக்காதீங்க. எக்ஸ்சேஞ்சுல ஐநூறு ரூபாய் கம்மியா கிடைச்சாலும் பரவாயில்ல.

ஐந்து, வீட்ல இருக்கறவங்களுக்கு நீங்க மெஷின் செட் பண்ணிக் கொடுக்கறீங்கன்னா, அவங்க மெயில் ஐடி, அவங்க நம்பர், அவங்க கைல பாஸ்வேர்டு. 'நானே பார்த்துக்கறேன்'னு நம்ம தலையில மட்டும் வச்சுக்கிட்டா, மறந்து போறதும் நாமதான், தவிக்கிறது அவங்க.

ஆல்பம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. அக்கா மெஷின் இப்ப நல்லா வேகம். அப்பா மட்டும் இன்னும் போன் பண்ணினா, "ஓடிபி ஏதும் வேணுமாடா?"ன்னுதான் ஆரம்பிக்கிறார்.

உங்க மெஷின்ல என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கா? இதைப் படிச்ச கையோட போய் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.