நீர்க்கட்டணம் ஏன் கூடியது?

நீர்க்கட்டணச் சீட்டில் வழக்கத்தினும் இருமடங்கு தொகை கண்டால், பல வீடுகளில் முதலில் ஆராயப்படுபவர் மனிதரே. வீட்டுக்காரர் குடியிருப்பவரை ஐயுறுவார். மாமியார் மருமகளை நோக்குவார். உண்மையை உரைக்கவல்ல சாட்சியோ மீட்டர் வடிவில் வாயிலருகே இருக்கிறது. அதனை வினவும் முறையை இன்று காண்போம்.

முதற்கண், சீட்டிலுள்ள அளவை மீட்டரோடு ஒப்பிடுக. மீட்டரின் கறுப்பு எண்கள் கிலோலிட்டரைக் குறிக்கும். அஃதாவது ஆயிரம் லிட்டர். மீட்டர் இன்று காட்டுவதைவிடச் சீட்டில் மிகுதியாக இருப்பின், அளவு தவறாகக் குறிக்கப்பட்டது என்பது தெளிவு. அளவு சரியாயின், தெருக்குழாயில் நீர் வரும் வேளையில், கீழ்த்தொட்டிக்குச் செல்லும் வால்வையும் ஏனைய குழாய்களையும் மூடுக. மீட்டரிலுள்ள சிறு நட்சத்திரச் சக்கரம் அப்போதும் சுழன்றால், மீட்டருக்கும் வால்வுக்கும் இடையே மண்ணுக்குள் குழாய் கசிகிறது. சுழலாவிடின், குறை அதற்கு அப்பால் உள்ளது.

எங்கள் தெருவில் வீட்டுக்காரர் ஒருவர், மாடிக் குடும்பத்தை வெளியேற்றவே துணிந்துவிட்டார். "மூன்று பேருக்கு இவ்வளவு தண்ணீரா, ஐயா?" என்று என்னிடம் குறைப்பட்டார். ஒருநாள் பொறுக்கச் சொன்னேன். கழிப்பறை நீர்ப்பெட்டிகளில் துணிக்கு இடும் நீலத்தைக் கரைத்துவிட்டு, எவரும் பயன்படுத்தாதவாறு அரைமணி நேரம் காத்திருந்தோம். மாடியில் நிறமில்லை. கீழே, வீட்டுக்காரர் பகுதியிலேயே, பீங்கானில் நீலம் இறங்கியிருந்தது. பெட்டியின் அடியில் நீரைத் தடுக்கும் ரப்பர் தேய்ந்து போயிருந்தது.

இச்சிறு கசிவா இவ்வளவு தொகைக்குக் காரணம் என்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் நம் உறக்கத்தைக் கெடுக்கும்; எனினும் ஒப்பளவில் குறைந்த நீரே வீணாகும். ஓசையின்றி நிமிடத்திற்கு 100 மில்லிலிட்டர் ஒழுகும் பெட்டியோ நாளொன்றுக்கு 144 லிட்டரும், 60 நாட்களில் 8640 லிட்டரும் இழக்கும். பயன்பாடு மிக மிகக் கட்டண வீதமும் உயரும் ஊர்கள் பல. அங்கே தொகை இன்னும் விரைந்து ஏறும்.

ஆகவே, மொட்டைமாடித் தொட்டியின் மிதவை வால்வு நிறைந்தபின் அடைக்கிறதா என்றும் நோக்குக. திங்கள்தோறும் முதல் நாளில் மீட்டர் அளவை நாட்காட்டியில் குறித்து வருக. அளவு திடீரென ஏறினால், சீட்டு வரும்முன்பே தெரிந்துவிடும். அதன்பின் எவர்மீதும் வீண்பழி சுமத்த வேண்டியிராது.