நிற்கத் தெரியாத தழும்பு

பெட்டாலிங் ஜெயாவில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் பலருக்குக் கெண்டைக்காலில் புகைக்குழாய் சுட்ட தழும்பு இருக்கும். பெரும்பாலும் அது நாளடைவில் தட்டையாகி அடங்கிவிடும். காது குத்திய இடத்தில் மொச்சைக்கொட்டை போலத் திரளும் தழும்பு அப்படி அடங்காது. காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் படர்ந்துகொண்டே போகும். மருத்துவர்கள் அதைக் கெலாய்டு என்கிறார்கள்.

காயம் பட்டதும் தோலின் உள்ளடுக்கில் உள்ள செல்கள் கொலாஜன் என்ற புரதத்தைச் சுரந்து இடைவெளியை அடைக்கின்றன. முதலில் அவசரத்துக்கு மெல்லிய இழைகள். பிறகு மாதக்கணக்கில் அவற்றை அகற்றி, தடித்த இழைகளால் நிரப்பும் வேலை. முழுதும் ஆறிய தழும்புகூடப் பழைய தோலின் வலிமையில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டும். கெலாய்டில் இந்த உற்பத்தி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதில்லை. தணியாத அழற்சியும் தோலின் இழுவிசையும் அதைத் தூண்டுகின்றன. நெஞ்சிலும் தோளிலும் அதிகம் வரும். பிசிஜி ஊசி போட்ட மேற்கையிலும் சிலருக்கு வருவதுண்டு. இமையில் மிக அரிது.

கறுத்த தோலுக்குத்தான் இது வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிகுதி என்பது உண்மை. ஆனால் அல்ஹாடி, சிவானந்தராஜா என்ற இரு ஆய்வாளர்கள் மலேசியாவில் 175 பேரை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும்விடச் சீனர்களிடமே கெலாய்டு அதிகம் எனக் கண்டார்கள். சிகிச்சை தேடி வந்தவர்களை வைத்த கணக்குதான் அது. என்றாலும் நிறத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது என்று காட்ட அது போதும். குடும்பத்தில் விசாரிப்பதே பயனுள்ளது. அப்பாவுக்கோ அத்தைக்கோ கெலாய்டு இருந்தால், பிள்ளைக்குக் காதில் இரண்டாவது துளை போடுமுன் யோசியுங்கள்.

வந்துவிட்டால் வெட்டி எறியத் தோன்றும். வெட்டுவதும் ஒரு காயம்தானே! வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டினால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வருகிறது. அதனால் முதலில் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். வலிக்கும். சுற்றியுள்ள தோல் மெலிந்து வெளுக்கவும் கூடும். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும் என்பதால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிடிவாதமான கெலாய்டை வெட்டியெடுத்தால், ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. காது மடலுக்கு, அழுத்திப் பிடிக்கும் தோடும் உதவுகிறது.

தழும்பு திரளாமல் தடுக்க, புண் மூடியதும் ஒட்டும் சிலிகோன் பட்டை மருந்துக்கடையிலேயே கிடைக்கும். நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், 2, 3 மாதமாவது ஒட்டவேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துக் கழன்றுவிடும். தினமும் தோலையும் பட்டையையும் கழுவி, நன்றாக உலர்த்தி மறுபடி ஒட்டுங்கள்.