அடுக்கு குலைந்த மண்

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் மாடித்தோட்டம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அஸ்திவாரம் தோண்டும்போது வெளியே வரும் மொரம் என்ற சரளை மண்ணைத் தொட்டியில் நிரப்பினால் கத்தரிச்செடி நிற்கும், காய்க்காது. அதே மனையில் மேலாக ஒரு சாண் ஆழத்துக்குக் கிடந்த செம்மண்ணைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் காய்த்திருக்கும். இரண்டும் ஒரே நிலத்தின் மண்தான். ஆனால் மேலே இருந்தது உயிருள்ள மண்.

மௌலாலி தாண்டி, காஜிப்பேட்டை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போனால் நிலக்கரிச் சுரங்க ஊரான ராமகுண்டம். அங்கே இதே சிக்கல் மலையளவுக்கு நிற்கிறது.

கோதாவரிப் பள்ளத்தாக்கின் நிலக்கரியை 1871-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் கண்டறிந்தார். 1889-இல் யெல்லந்துவில் வெட்டத் தொடங்கினார்கள். அந்தத் தொழில்தான் இன்றைய சிங்கரேணி நிலக்கரி நிறுவனம். வெகுகாலம் வேலையெல்லாம் பூமிக்கு அடியில் நடந்தது. 1970-களின் நடுவில் திறந்தவெளிச் சுரங்கம் வந்தபோதுதான் வயலே இல்லாமல் போகத் தொடங்கியது. திறந்தவெளிச் சுரங்கத்தை அங்கே ‘ஓசிபி’ என்கிறார்கள். கரிக்கு மேலே கிடக்கும் மண்ணும் பாறையும் ‘ஓபி’.

ஓபியை வெடிவைத்துப் பெயர்த்து, ஷவலால் அள்ளி, டம்பரில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். முதலில் தோண்டிய மேல்மண் குவியலின் அடியில் புதைகிறது. கடைசியில் வந்த, கரியை ஒட்டிய மணற்பாறைத் தூள் உச்சியில் உட்காருகிறது. நிலம் தலைகீழாகிவிடுகிறது. அந்த உச்சியில் மட்கு இல்லை, நுண்ணுயிர் இல்லை, தழைச்சத்து இல்லை. மழை பெய்தால் வரிவரியாக அரித்துக்கொண்டு ஓடுகிறது.

அதனால் முதல் விதி, மேல்மண்ணை முன்னதாகவே வழித்துத் தனியாகச் சேர்த்து வைப்பது. நம் நாட்டில் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போதே இதை நிபந்தனையாக எழுதுகிறார்கள். சேர்த்து வைப்பதிலும் பக்குவம் வேண்டும். குவியல் உயரமாகி ஆண்டுக்கணக்கில் கிடந்தால், உள்ளே காற்றில்லாமல் வேர்ப்பூஞ்சைகளும் மற்ற உயிர்களும் மடிகின்றன. தாழ்வாகக் குவித்து, மேலே சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, சீக்கிரமாக விரிப்பதே நல்லது.

விரிக்கும்போது இன்னொரு ஆபத்து, இறுக்கம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இது தெரிவதில்லை. அமெரிக்கா 1977-இல் கொண்டுவந்த திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், சிறந்த விளைநிலமாக இருந்தால் மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாக எடுத்து, அதே வரிசையில் சுமார் 1.2 மீட்டர் ஆழத்துக்குத் திரும்ப இடச் சொல்கிறது. இல்லினாய்ஸில் அப்படியே இட்டும் மக்காச்சோளம் பல இடங்களில் சோர்ந்தது. மண்ணைப் பரப்பிய கனரக வண்டிகள் மிதித்து மிதித்து அடிமண்ணைக் கட்டாந்தரை ஆக்கியிருந்தன. வேர் இறங்கவில்லை. மழை தவறிய வாரங்களில் பயிருக்குத் தண்ணீர் எட்டவில்லை. பிறகு ஆள் இடுப்பளவு ஆழத்துக்குக் கிழிக்கும் கலப்பைகளைக் கொண்டு அதைத் தளர்த்த வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் ரைன்லாந்தில் பழுப்பு நிலக்கரி எடுத்த குழிகளை நிரப்பி, வளமான வண்டல் போன்ற லோயஸ் மண்ணைக் குறைந்தது 2 மீட்டர் தடிமனுக்கு இடுகிறார்கள். பிறகு மூன்று ஆண்டுகள் குதிரைமசால் மட்டும். அதன் ஆழ்ந்த வேர் மண்ணைத் துளைக்கிறது, வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்க்கிறது. ஏழாண்டு பக்குவப்படுத்திய பிறகே நிலம் உழவர் கைக்குப் போகிறது. நம் ஊரில் கொழுஞ்சி விதைத்து மடக்கி உழும் எந்த உழவருக்கும் இது புதிதாக இருக்காது.

இங்கே 2009-இல் நிலக்கரி அமைச்சகம் சுரங்க மூடல் வழிகாட்டுதலை வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கமாக இருந்தால், அன்றைய விலையில் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் எனக் கணக்கிட்டுத் தனி வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும் என்றது அது. வேலை நடந்ததைக் காட்டினால் பணம் படிப்படியாகத் திரும்பும். 2020-இல், உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின், சுரங்கத்தால் கெட்ட நிலத்தில் புல் வளர்த்து, தீவனமும் பிற தாவரமும் விளையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. நல்ல நிபந்தனை. மாட்டுக்குப் புல் கிடைப்பது சிறிய விஷயமில்லை.

ஆனால் மீட்ட நிலத்தை நாம் அளக்கும் முறை எனக்கு உறுத்துகிறது. செயற்கைக்கோள் படத்தில் தோண்டும் இடம், நிரப்பிய இடம், மரம் நட்ட இடம் என்று பிரிக்கிறார்கள். மரம் பச்சையாகத் தெரிந்தால் நிலம் மீண்டதாகக் கணக்கு. அந்தப் பச்சைக்கு அடியில் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, ஒரு மழையின் நீரை எத்தனை நாள் பிடித்து வைக்கும் என்பது படத்தில் வராது. அமெரிக்கச் சட்டத்தில் சிறந்த விளைநிலத்துக்கான பிணைத்தொகை முழுவதும் அறுவடைக்குப் பிறகே திரும்பும். தோண்டாத அதே வகை நிலத்தில் கிடைக்கும் மகசூல் இங்கும் கிடைக்கிறதா என்று குறைந்தது மூன்று பயிராண்டுகள் பார்க்கிறார்கள்.

கோதாவரிக் கரையில் இதைச் செய்வது கடினமில்லை. நிரப்பிய நிலத்தில் ஒரு துண்டு, பக்கத்து ஊர் உழவரின் நிலத்தில் ஒரு துண்டு. இரண்டிலும் ஒரே பருத்தி விதை, ஒரே எரு. மூன்று ஆண்டு எடுப்பை ஊரார் முன்னால் எடை போட வேண்டும்.